மின்னஞ்சல் கணக்கு ஹேக் செய்யப்பட்டதா? கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது!

புதுடெல்லி: அவசரமாகப் பணம் கேட்டு உங்கள் பெயரில் மின்னஞ்சல் வந்திருப்பதாக நண்பர் ஒருவர் தொலைபேசியில் தெரிவிக்கிறார். நீங்களோ அப்படி எதையும் அனுப்பவில்லை. தங்கள் மின்னஞ்சல் கணக்கு பிறர் கைக்குச் சென்றுவிட்டதைப் பலரும் இவ்வாறுதான் அறிகின்றனர். உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பிரச்சினை முடிந்தது என எண்ணுவதும் இயல்பு. ஆனால், ஊடுருவியவர் கணக்கின் அமைப்புகளில் செய்துவைத்த மாற்றங்கள் அதன் பிறகும் அப்படியே நீடிக்கக்கூடும். அவற்றைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறைகளை இங்கே காணலாம்.

ஆபத்து எவ்வளவு பெரியது?

சமூக வலைதளம், இணைய வணிகம் உள்ளிட்ட பல சேவைகளில், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கே அனுப்பப்படுகிறது. எனவே மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் பிற கணக்குகளையும் கைப்பற்ற முடியும். பழைய மின்னஞ்சல்களில் பான் அட்டை நகல், வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவையும் இருக்கும். மின் ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாகும். உங்கள் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம்.

ஜிமெயில் எனில் பாதிப்பு இன்னும் விரிவடையும். கூகுள் டிரைவ், போட்டோஸ், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகிய அனைத்தும் அதே கணக்குடன் இணைந்தவை.

முதல் படி: கணக்கை மீட்டல்

கணக்கினுள் நுழைய முடிந்தால், இதுவரை எங்கும் பயன்படுத்தாத புதிய கடவுச்சொல்லை உடனடியாக அமைக்க வேண்டும். நுழைய இயலாவிட்டால், உள்நுழைவுப் பக்கத்திலுள்ள 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இணைப்பின் வழியாக மீட்பு முயற்சியைத் தொடங்கலாம். வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் வெற்றி வாய்ப்பு அதிகம். அக்கருவியில் அறிமுகமில்லாத செயலிகள் தென்பட்டால் முதலில் அவற்றை நீக்கிவிட வேண்டும்.

இங்கே காலம் முக்கியம். கூகுள் கணக்கில் நீங்கள் முன்பே பதிவு செய்திருந்த மீட்பு எண்ணை ஊடுருவியவர் மாற்றிவிட்டாலும், பழைய எண்ணைக் கொண்டு 7 நாட்கள் வரை கணக்கை மீட்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு பறிபோகும்.

இணையத்தில் தேடி, 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் கிடைக்கும் எண்களை அழைக்க வேண்டாம். கணக்கை மீட்டுத் தருவதாகக் கூறிப் பணமோ ஓடிபியோ கேட்பவர்கள் இரண்டாம் முறை ஏமாற்றுபவர்களே. கூகுள் கணக்கு மீட்புக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் படி: மறைந்திருக்கும் மாற்றங்கள்

கணக்கு மீண்ட பின் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய எதையும் நீக்கும் முன் அதன் திரைப்பிரதியை எடுத்து வைப்பது அவசியம். புகார் அளிக்கும்போது அதுவே சான்றாகும்.

1. தானியங்கிப் பகிர்வு: வரும் மின்னஞ்சல்களின் நகல் வேறொரு முகவரிக்குச் செல்லும்படி அமைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பு, கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் செயல்படக்கூடும்.

2. வடிகட்டி விதிகள்: வங்கியின் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்தவுடன் அழிந்துவிடும்படி விதி உருவாக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் பணம் பறிபோவதுகூட உங்களுக்குத் தெரியாது.

3. மீட்பு விவரங்கள்: மீட்புக்கான கைப்பேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என உறுதிசெய்ய வேண்டும்.

4. இணைந்துள்ள கருவிகளும் செயலிகளும்: அறிமுகமில்லாத கருவிகளை வெளியேற்றி, தேவையற்ற செயலிகளுக்கு அளித்த அனுமதியையும் 'ஆப் பாஸ்வேர்டு' எனப்படும் தனிக் கடவுச்சொற்களையும் ரத்து செய்ய வேண்டும்.

5. அனுப்பியவை, குப்பைப் பெட்டி: உங்கள் பெயரில் யாருக்கு என்ன சென்றது என்பதை இவை காட்டும். ஜிமெயிலில் அழிக்கப்பட்ட மின்னஞ்சல்கள் 30 நாட்கள் வரை குப்பைப் பெட்டியில் இருக்கும்.

மூன்றாம் படி: தகவலும் புகாரும்

உங்கள் பெயரில் பணம் கேட்டு வரும் செய்திகளை நம்ப வேண்டாம் என உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தொலைபேசியிலேயே தெரிவியுங்கள். பின்னர் வங்கி தொடங்கி, அந்த மின்னஞ்சலுடன் இணைந்த எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

பணம் பறிபோயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும். பண இழப்பு இல்லையென்றாலும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகாரைப் பதிவு செய்யலாம். பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். உங்கள் ஆவணங்கள் பின்னாளில் தவறாகப் பயன்படுத்தப்பட்டால், முன்கூட்டியே அளித்த புகார் உங்களுக்குப் பாதுகாப்பாக அமையும்.

மீண்டும் நிகழாமல் இருக்க...

இரண்டடுக்குச் சரிபார்ப்பைச் செயல்படுத்துங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்தாதீர்கள். ஏதேனும் ஒரு தளத்திலிருந்து அது கசிந்தால் மற்ற அனைத்தும் ஆபத்துக்குள்ளாகும். யாகூ நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த ஊடுருவலில் சுமார் 300 கோடி கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே 2017இல் ஒப்புக்கொண்டது. ஆக, தவறு நம் பக்கம் இல்லாதபோதும் கணக்கு பறிபோகலாம்.

கணக்கு இன்னும் உங்கள் வசமே இருக்கிறது என்றாலும், மீட்பு எண் இப்போது பயன்பாட்டில் உள்ளதுதானா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். கைவிட்ட பழைய எண் அங்கே பதிவாகியிருந்தால், ஆபத்து நேரத்தில் கணக்கை மீட்பது கடினமாகிவிடும்.