தறி வீட்டிலிருந்து நேர்காணலுக்கு

காஞ்சிபுரத்தில் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் இடம் தூரமில்லை. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எல்லாமே கம்பெனி பஸ் வந்து போகிற தூரம்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு செல்போன், கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு என்று தகுதியோடு இருக்கும் பலரும் தடுக்கி நிற்பது நேர்காணல் என்ற அந்த அரை மணி நேரத்தில்தான்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பெயர், ஊர், படிப்பு, அப்பா நெசவாளர், அம்மா வீட்டில் இருக்கிறார் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அம்மா விடிந்ததிலிருந்து ஊடை நூலைத் தார் சுற்றுகிறார், கரை சேர்க்கும் கோர்வைக்குத் துணை நிற்கிறார், சேலைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். விடுமுறை நாட்களில் பிள்ளையும் கூடமாட நின்றிருப்பார். இவ்வளவு வேலை நடக்கிற வீட்டிலிருந்து வருபவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போவது வருத்தமான விஷயம். ஆனால் அது மாற்றக்கூடியது.

நேர்காணலுக்குத் தயாராவது என்றால் நூறு கேள்விக்குப் பதில் மனப்பாடம் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நீங்கள் செய்த வேலையை எதிரே இருப்பவர் நம்பும்படி, சரிபார்க்கும்படி சொல்லப் பழகுவதுதான் தயாரிப்பு. இனி அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எதிரே இருப்பவர் எதைத் தேடுகிறார்?

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் எது வேலைத் திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். சாக்கெட் தலைமையிலான குழு 2022இல் அதே கேள்வியை மறுபடி எடுத்தது. இரண்டு ஆய்வுகளிலும், முன்கூட்டியே வகுத்த கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், மனம் போன போக்கில் பேசும் நேர்காணலைவிட நன்றாகக் கணித்தது. 2022 ஆய்வில் எல்லா முறைகளிலும் அந்த வகுத்த கேள்வி நேர்காணலே முதலிடம் பிடித்தது.

இதனால்தான் பெரிய நிறுவனங்கள் "நீங்கள் தீர்த்து வைத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்", "குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேட்கின்றன. "நான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்ற பதிலை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு மதிப்பெண் போட வழியில்லை. நடந்த ஒரு சம்பவத்துக்குப் போடலாம்.

ஐந்து சம்பவங்களை எழுதுங்கள்

ஒரு நோட்டில் உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஐந்து சம்பவங்களை எழுதுங்கள்: ஒரு கோளாறைக் கண்டுபிடித்தது, ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தது, தவறிப்போய்த் திருத்திக்கொண்டது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது, கெடுவுக்குள் முடித்தது. ஒவ்வொன்றையும் நான்கு பகுதியாகப் பிரியுங்கள். நிலைமை என்ன? உங்கள் பொறுப்பு என்ன? நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன ஆயிற்று?

உதாரணத்துக்கு, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்: "எங்கள் வீட்டுத் தறியில் பாவு இழை அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. அறுகிற இடத்தை ஒரு வாரம் குறித்து வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் ஒரே இடத்தில் அறுவது தெரிந்தது. அந்த இடத்தில் அச்சின் ஒரு பல் வளைந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன், சரிசெய்தோம். அதன் பிறகு அறுவது நன்றாகக் குறைந்தது."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆள் எடுப்பவர் தேடும் எல்லாம் இதில் இருக்கிறது: கவனித்தது, குறித்தது, காரணத்தைப் பிடித்தது, பெரியவரிடம் கொண்டுபோனது, விளைவைப் பார்த்தது. அடுத்து அவர் "எத்தனை முறை அறுந்தது? எப்படிக் குறித்தீர்கள்?" என்று துருவுவார். உண்மையாக நடந்திருந்தால் பதில் தானாக வரும். இரவல் வாங்கிய சம்பவம் இந்த இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும்.

வீட்டுத் தொழிலில் இருக்கும் சரக்கு

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தறியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். காஞ்சிபுரம் பட்டு 2005இலேயே புவிசார் குறியீடு பெற்றது. அதன் வேலை முறையை விளக்கத் தெரிவது ஒரு தகுதி.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடை மூன்று நாடாக்களில் ஓடும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் துணைக்கு நிற்பவர் தள்ள வேண்டும். இருவர் கையும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு பிசகிவிடும். குழுவாக வேலை செய்த அனுபவம் கேட்டால் இதைவிட நல்ல பதில் வேண்டுமா? முந்தானைக்கு வேறு நிறப் பாவைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் பேட்டுனி, பொறுமைக்கும் துல்லியத்துக்கும் சான்று. ஜக்கார்டு அட்டையில் துளை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் பாவு இழை தூக்கப்படுகிறது. கணினிப் பிரிவு மாணவருக்கு அது நன்றாகவே புரியும். பட்டும் சரிகையும் எடை போட்டு வாங்கி, சேலையாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கும் கணக்கு, பி.காம். படித்தவருக்கு இருப்புக் கணக்கின் நேரடிப் பாடம்.

ஒரே நிபந்தனை: செய்ததை மட்டும் சொல்லுங்கள். தார் மட்டும் சுற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள். நெய்தேன் என்று சொல்லாதீர்கள். தறி இல்லாத வீடாக இருந்தால் காந்தி ரோடு ஜவுளிக் கடையில் பகுதி நேரம் நின்றது, கோயில் திருவிழாவில் தொண்டு செய்தது, கல்லூரிப் புராஜெக்ட் என்று உங்களுடையதைத் தேடுங்கள்.

கையில் சான்று இருக்கட்டும்

சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் படித்த ஒருவர், பின்னாளில் பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்தார். எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரி முதல்நிலைத் தேர்வில் தேறாதவர் அவர். 1910இல் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனபோது கொண்டுபோனது தன் கணித நோட்டுகளை. அதைப் பார்த்த ஐயர், சிறிய குமாஸ்தா வேலையில் அவரை முடக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும் அந்த நோட்டைப் பார்த்து, அதை அவர் விளக்கக் கேட்டே நம்பிக்கை கொண்டார். 1912 மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் அவர் எஃப்.ஏ. வரை படித்ததையும் சூழ்நிலையால் படிப்பு நின்றதையும் எழுதி, கணிதத்தில் செலவிட்ட உழைப்பை முன்வைத்திருந்தார். அவர் சீனிவாச ராமானுஜன்.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் எல்லோரும் ஒரு நோட்டைக் கொண்டுபோக முடியும். புராஜெக்ட் அறிக்கை, வெல்டிங் செய்த துண்டின் படம், எழுதிய புரோகிராம், வரைந்த டிசைன் என்று ஏதாவது ஒன்று மேசையில் இருந்தால், பேச்சு உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேரும். அரியர் இருந்ததா, இடையில் ஒரு வருடம் போயிற்றா? மறைக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லி, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள்.

நிறுவனத்தைப் படியுங்கள்

"கார் கம்பெனி", "போன் கம்பெனி" என்ற அளவில் தெரிந்தால் போதாது. அந்த ஆலையில் என்ன செய்கிறார்கள், எந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அண்மைச் செய்தி என்ன என்று பாருங்கள். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் கூட்டாக நடத்திய ஆலையில் நிசானின் பங்கை ரெனோ வாங்கிக்கொள்வதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அங்கே நேர்காணலுக்குப் போகிறவர் இதை அறியாமல் போகலாமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. நிறுவனத்தைப் படிப்பது உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

அரசு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் நேர்காணல் உண்டா என்று அறிவிப்பை வரி வரியாக வாசியுங்கள். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத பி பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்காணல் கிடையாது. குடிமைப் பணித் தேர்விலோ மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு உரியது.

வாய்விட்டுப் பழகுங்கள்

மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். போனில் பதிவுசெய்து கேளுங்கள். அக்காவையோ நண்பரையோ கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகி, பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். நடுவில் வார்த்தை வராவிட்டால், "இதைத் தமிழில் விளக்கலாமா, சார்?" என்று கேட்பதில் தவறே இல்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலும் வழிகாட்டுதல் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கல்லூரியில் இருப்பவர்கள் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சியை விடாமல் பயன்படுத்துங்கள்.

முந்தின நாள்

அசல் சான்றிதழ், இரண்டு செட் நகல், ஆதார், புகைப்படம், பயோடேட்டா எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். துவைத்துத் தேய்த்த, உடம்புக்குப் பொருந்தும் உடை போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. எந்த கேட், யாரைப் பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி கருடசேவை போன்ற நாளாக இருந்தால் ஊருக்குள் பஸ் வழி மாறும்; அதற்கேற்ப முன்னதாகவே கிளம்புங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை, கொடுக்கக் கூடாதவை

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கேளுங்கள். நிறுவனத்தின் நேரடி வேலையா, ஒப்பந்ததாரர் மூலமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கையில் எவ்வளவு வரும்? இரவு ஷிப்ட் உண்டா, பஸ் எந்த நிறுத்தம் வரை வரும்? அப்ரென்டிஸ் என்றால் இன்னும் கவனம் தேவை: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டவில்லை என்றது நிறுவனம். மத்திய தொழிலாளர் அமைச்சகம், வேலைக்கு எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற, அப்போது நடப்பில் இருந்த 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் விதியைச் சுட்டிக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆகவே கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டால் பதற வேண்டாம். "ஷிப்டுக்கு நேரத்தில் வருவேன், சார். வேலைக்கு அதனால் இடையூறு வராது" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைப் பார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

நேர்காணல் முடிந்த அன்றே, கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். வேலை கிடைக்காமல் போனாலும் அந்தப் பக்கம் வீணாகாது. அடுத்த நிறுவனத்திலும் கேள்விகள் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும். அங்கே போகும்போது உங்கள் ஐந்து சம்பவங்களும் இன்னும் துலக்கமாக இருக்கும்.