பொக்கட் ரவுட்டர் யார் பெயரில் இருக்கிறது?

பேராதனையில் அறை எடுத்துப் படிக்கும் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு பொக்கட் ரவுட்டர் வாங்குவது இன்று சாதாரண விஷயம். கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் ஒரு வீட்டுச் சன்னலில் வைத்த ரவுட்டரை நம்பி அந்த லயமே இருக்கிறது. கண்டி நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுப்போரும், வாடகை வான் ஓட்டுவோரும் அதையே கையில் கொடுக்கிறார்கள். காசு பலருடையது, பாவனை பலருடையது. சிம் மட்டும் ஒரே ஒருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெளிவாக்காமல் விடுவதுதான் இந்தச் சாதனத்தின் பெரிய ஆபத்து என்பது என் வாதம். வேகம், விலை, பெட்டரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாதனம் செய்யும் வேலையைப் பார்த்தால் இது விளங்கும். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இரண்டு வானொலிகள் இருக்கின்றன. ஒன்று, சிம்மின் துணையோடு தொலைபேசிக் கோபுரத்துடன் 4ஜி அலைவரிசையில் பேசுகிறது. மற்றது, 2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸில் வைஃபை வலயம் ஒன்றை அறைக்குள் உருவாக்குகிறது. 2.4 சுவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் தூரம் குறைவு. வைஃபையில் இணையும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. வெளியே போகும்போது அந்த முகவரிகள் எல்லாம் மறைந்து, எல்லாப் போக்குவரத்தும் ஒரே இணைப்பாகவே கோபுரத்தைச் சேர்கிறது. பத்துப் பேர் பாவித்தாலும் நிறுவனத்தின் பதிவேட்டில் தெரிவது ஒரு சிம், ஒரு பெயர். போனில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து விடும்போதும் நடப்பது இதுவேதான்.

இது கண்டிக்குப் புறம்பான கவலை அல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பதிவுகள் சமூக ஊடகங்கள் வழியே பரவின. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. கண்டிப் பகுதியில் இணைய இணைப்பே கட்டுப்படுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில் ஒரு பதிவு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால், தேடல் முதலில் வந்து நிற்கும் இடம் இணைப்பின் சொந்தக்காரர் வீடு. பதிவிட்டது அடுத்த காம்பராவில் இருக்கும் பையனாக இருக்கலாம், ஓர் இரவு தங்கிப்போன விருந்தாளியாக இருக்கலாம். சிம் தன் பெயரில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. செய்தது யார் என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் விசாரணை, வாக்குமூலம், சாதனத்தை ஒப்படைத்தல், நாட்சம்பளம் இழந்து பொலிஸுக்கு அலைதல் என்று எல்லாம் அந்த நிரூபணத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு அதுவே தண்டனை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: இணையத்தைப் பகிர்வது மலையகத்தில் ஆடம்பரம் அல்ல, தேவை. உண்மை. கொரோனாக் காலத்தில் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காடு கடந்து மலையேறிய செய்தி உலகெங்கும் போனது. கண்டியைச் சுற்றியும் மலை மறைக்கும் பள்ளங்கள் உண்டு. சிக்னல் பிடிக்கும் ஒரு சன்னல் இருந்தால் அதை நாலு வீடு பாவிப்பதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் சொல்வது பகிராதே என்பதல்ல. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து பகிர வேண்டும் என்பதுதான். கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபை பகிர்வு ஆகாது. வீதியால் போகிற எவருக்கும் உங்கள் பெயரை எடுத்துக் கொடுப்பது அது. இன்னொரு மறுப்பு, இப்போது வங்கித் தளம் முதல் வட்ஸ்அப் வரை எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டவை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்பது. பாதி சரி. நீங்கள் அனுப்பும் செய்தியை நடுவில் இருப்பவர் வாசிப்பது இன்று கடினம். ஆனால் மறையாக்கம் காப்பது செய்தியை மட்டுமே. உங்கள் சிம்மில் யார் என்ன செய்தார் என்ற கேள்வியிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறந்து கிடந்தால், அதற்குள் போனவர் உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பி விடவும் முடியும்.

அந்தப் பக்கம் எவ்வளவு எளிதாகத் திறக்கும் என்பதைப் பலர் பார்த்ததில்லை. பெரும்பாலான பொக்கட் ரவுட்டர்களின் பின்மூடியைக் கழற்றிப் பெட்டரியை எடுத்தால் ஒரு சிறிய ஸ்டிக்கர் தெரியும். வைஃபை பெயர், அதன் கடவுச்சொல், சாதனத்தை அடையாளங்காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண், 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். வைஃபையில் இணைந்த எந்தப் போனின் பிரவுசரிலும் அந்த முகவரியை அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். பல மொடல்களில் அதன் தொடக்கப் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்', 'அட்மின்' என்றே இருக்கும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்கள்கூட இந்த இரண்டாவது பூட்டைத் தொடுவதில்லை. இரண்டையும் மாற்றுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தெரிவு செய்யுங்கள், கடவுச்சொல் அடிக்காமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை நிறுத்துங்கள், வைஃபைக்கு உங்கள் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ வைக்காதீர்கள். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தெரியாத போன் இருந்தால் தடுக்கலாம். சில மொடல்களில் விருந்தினருக்குத் தனி வைஃபை உண்டு. அறை வாடகைக்கு விடுவோர் அதையே கொடுக்க வேண்டும்.

வாங்கும் இடத்திலும் கண் திறந்திருக்க வேண்டும். கண்டிக் கடைகளில் செகண்ட் ஹேண்ட் ரவுட்டர் மலிவாகக் கிடைக்கிறது, சிலவேளை சிம்மோடு. வேறொருவர் பெயரில் உள்ள சிம்மை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. அது தொலைந்தால் மீளப் பெற முடியாது. அவர் எந்த நேரமும் துண்டிக்கலாம். உங்கள் பெயரில் உள்ள பழைய சிம்மை விற்பது அதைவிட மோசம். ஐஎம்இஐ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தச் சாதனம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன்பு, கடை வாசலில் நின்றே இதைச் செய்யலாம். பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை.

டேட்டா பெக்கேஜில்தான் ஏமாற்றம் அதிகம். எழுதியிருக்கும் மொத்த ஜிபியில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னரான நேரத்துக்கு மட்டுமே உரியதாக இருக்கும்; விடிய எழுந்து கொழுந்து பறிக்கப் போகும் வீட்டில் அதை யார் பாவிப்பது? 'அன்லிமிட்டட்' என்பதிலும் ஓர் எல்லை தாண்டினால் வேகம் குறையலாம். இந்த நிபந்தனைகளை ரீலோட் செய்யும் முன்பே தெளிவாக, தமிழில் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கோபுரம் நின்றால் ரவுட்டரும் நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மலைகளைச் சரித்தபோது தொலைத்தொடர்பும் அறுந்தது. அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல ரவுட்டரும் வெறும் பெட்டிதான்.

குறை இருந்தால் முதலில் சேவை நிறுவனத்திடம் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். அது தீராவிட்டால் ஆணைக்குழுவின் 1900க்கு அழைக்கலாம். பொருளில் பழுது, விற்பனையில் மோசடி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். அந்தச் சபைக்கு எழுத்து மூல முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பலருடைய முறைப்பாடு இங்கேதான் தவறிப்போகிறது. ரவுட்டர் களவு போனால் பொலிஸில் முறையிட்டு, அன்றைக்கே சிம்மையும் நிறுத்துங்கள். பிறகு நடப்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று காட்ட அந்தத் திகதி உதவும். மத்திய மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடப்பதால் எழுதி என்ன பயன் என்று பலர் பின்வாங்குகிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, இந்தப் பகுதிகளிலும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. பற்றுச்சீட்டின் பிரதி, ஐஎம்இஐ எண், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் இணைத்துத் தமிழில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.