வரிசைக்கு ஒரு விதி வேண்டும்

நடு அந்தமானில் உள்ள ரங்கத்தில் பாக்கும் தேங்காயும் வாங்கி விற்கும் வணிகர் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய கணக்கில் காலை இருப்பு 5,000 ரூபாய். பத்து மணிக்கு 4,000 ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. நண்பகலில் கடன் தவணையாக 6,000 ரூபாய் கழிக்கப்படுகிறது. மாலையில் மீதம் 3,000 ரூபாய்.

அதே இரண்டு பதிவுகளை இடம் மாற்றிக் கணக்கிட்டுப் பார்ப்போம். தவணை முதலில் வந்தால் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே 1,000 ரூபாய் இறங்கிப் பிறகு ஏறுகிறது. இறுதித் தொகை மாறவில்லை. ஆயினும், போதிய பணம் வைத்திருந்த வாடிக்கையாளர் பணமில்லாதவராகத் தோற்றமளிக்கிறார். தவணை திரும்புவதும் அபராதம் விழுவதும் இத்தகைய இடத்தில்தான். பதிவுகள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அவை நிற்கும் வரிசையும் சரியாக இருக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் போர்ட் பிளேரையும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடத்தின் இணைப்பைப் பெற்ற இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. தீவிலிருந்து தகவல் இன்று விரைவாகவே கரை சேர்கிறது. சேர்ந்த தகவலைப் பிரித்து அடுக்குவது கணினி நிரலின் வேலை. அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்றே காண்போம்.

பெட்டி ஒன்று, பொருள் பல

இன்றைய வங்கி மென்பொருள்களில் பெரும்பங்கு பொருள்நோக்கு நிரலாக்க முறையில் எழுதப்படுகிறது. இம்முறையின் வேர், 1960களில் நார்வே நாட்டில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியில் உள்ளது. இம்முறையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஒரு 'பொருள்'. தேதி, நேரம், தொகை, வரவா பற்றா என்னும் குறிப்பு ஆகியவற்றை அது தன்னுள் வைத்திருக்கும்.

பல பொருள்களை ஒருங்கே வைத்திருப்பது 'தொகுப்பு'. முன்பு பல மொழிகளில், எந்தப் பொருளையும் எந்தத் தொகுப்பிலும் போட்டுவிட முடிந்தது. பரிவர்த்தனைகளுக்கு நடுவே தவறுதலாக ஒரு முகவரி விழுந்தாலும், நிரல் ஓடும்போதுதான் அது தெரியவரும். ஜாவா மொழியில் 2004ஆம் ஆண்டும், சி ஷார்ப் மொழியில் 2005ஆம் ஆண்டும் சேர்க்கப்பட்ட பொதுவகைத் தொகுப்புகள் இக்குறையை நீக்கின. 'இது பரிவர்த்தனைகளுக்கான பட்டியல்' என்று எழுதிவிட்டால், வேறொன்றை அதில் இட முயலும் நிரல், ஓடத் தொடங்குமுன்பே தடுக்கப்படும். மிளகு டப்பாவில் மிளகைத் தவிர வேறெதுவும் நுழையாதபடி வாயை அமைத்ததைப் போன்றது இது.

இதன் பயன் மற்றொன்றும் உண்டு. அடுக்கும் நிரலை ஒருமுறை எழுதினால் போதும். பரிவர்த்தனை, பெயர், தேதி என எதையும் அதுவே அடுக்கும். ஆனால் அது நம்மிடம் ஒன்றைக் கேட்கும்: 'இவ்விரண்டில் எது முந்தியது?' இவ்வினாவுக்கான விடையை இயந்திரம் தானாக அறியாது. மனிதர்தாம் விதியாக எழுதித் தர வேண்டும்.

சமமானவற்றுள் முந்தியது எது?

'தேதிப்படி அடுக்கு' என்று மட்டும் விதி எழுதினால், நம் வணிகரின் இரு பதிவுகளும் ஒரே தேதியுடையவை. விதியின் கண்ணுக்கு இரண்டும் சமம். அப்போது என்ன நிகழும் என்பது அடுக்கும் முறையைப் பொறுத்தது. சில முறைகள், சமமானவற்றை வந்த வரிசையிலேயே விட்டுவைக்கும். இப்பண்பை 'நிலைத்த வரிசையாக்கம்' எனலாம். ஜான் வான் நாய்மன் 1945இல் வகுத்த இணைப்பு வரிசையாக்கம் அத்தகையது. வேறு சில முறைகள் அவ்வாறு உறுதியளிப்பதில்லை. சி ஷார்ப் மொழியிலேயே, பட்டியலைத் தன்னிடத்தில் அடுக்கும் வழிக்கு அந்த உறுதி இல்லை. 2007இல் வந்த வினவல் வழி அதனை அளிக்கிறது. ஆகவே, கவனமுள்ள நிரலாளர் தேதிக்குப் பின் நேரம், நேரத்துக்குப் பின் பதிவு எண் என்று விதியை முழுமையாக எழுதுவார்.

தேதியைத் தேதியாகக் கருதாமல் வெறும் எழுத்தாக அடுக்கினால் வேறொரு பிழை நேரும். 02-01-2024 என்பது 15-12-2023க்கு முன்னே போய் நிற்கும். ஏனெனில் எழுத்துகளை இடமிருந்து ஒப்பிடும்போது 0 என்பது 1க்கு முந்தியது. வீட்டுக் கணக்கைக் கணினியில் எழுதும் வாசகர்கள் கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இத்தொல்லை இராது.

தமிழ்ப் பெயர்களுக்கும் இவ்விதி பொருந்தும். நம் நெடுங்கணக்கில் மெய்வரிசை 'ய ர ல வ ழ ள ற ன' என முடிகிறது. கணினியின் ஒருங்குறி அட்டவணையிலோ 'ன' என்பது 'ந'வை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. எனவே கமலா, கவிதா, கனகா என்று நிற்க வேண்டிய பெயர்கள், எழுத்தெண்படி அடுக்கினால் கனகா, கமலா, கவிதா என்றாகும். பட்டியலின் இறுதியில் தம் பெயரைத் தேடும் கனகா, அது விடுபட்டுவிட்டதாக எண்ணித் திரும்பிச் செல்லக்கூடும். தமிழ் அகரவரிசை விதியை நிரலுக்குத் தனியே அளித்தால்தான் இது சீராகும்.

எவை ஒன்று, எவை வேறு?

குழுவாக்கம் இன்னொரு வினாவை எழுப்புகிறது: 'எவை ஒரே இனம்?' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இம்முறையை ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வடிவமைத்தார். ரங்கத்தின் எண் 744205. இதில் 7 என்பது கிழக்கு மண்டலத்தையும், 744 அந்தமான் நிக்கோபாரையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கும். ஊர்ப்பெயரை எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் கடிதம் உரிய பையில் விழும்.

பெயரைக் கொண்டு குழுவாக்கினால் அந்த உறுதி இல்லை. வங்காளம், தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம் எனப் பல மொழியினர் வாழும் தீவுகளில், ஒரே பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்படுவது இயல்பு. தலைப்பெழுத்து ஒரு கணக்கில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வரலாம். நிரலுக்கு அவர்கள் இருவேறு மனிதர்கள். இவ்வாறு பிரிந்துபோன ஒரு சேமிப்பை, கணக்குதாரர் மறைந்த பின்னர் குடும்பத்தார் அறியாமலே இருந்துவிடக்கூடும்.

பத்தாண்டுகள் கோரப்படாத வைப்புத்தொகைகள், ரிசர்வ் வங்கியின் 2014ஆம் ஆண்டுத் திட்டப்படி, வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அதன் பின்னரும் உரியவர் தம் வங்கியை அணுகிப் பணத்தைப் பெறலாம். அத்தகைய வைப்புகளைப் பல வங்கிகளில் ஒருசேரத் தேடுவதற்காக 2023 ஆகஸ்ட் 17 அன்று 'உத்கம்' இணையத்தளம் தொடங்கப்பட்டது. அதுவும் பெயரை மட்டும் நம்புவதில்லை. நிரந்தரக் கணக்கு எண், பிறந்த தேதி போன்ற அடையாளங்களில் ஒன்றையேனும் உடன் கேட்கிறது.

வாசகர்கள் செய்யக்கூடியவை எளியவை. எல்லாக் கணக்குகளிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வங்கியில் உள்ள உங்கள் கணக்குகள் அனைத்தும் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ளனவா என்று கிளையில் கேளுங்கள். நியமனதாரர் பதிவு இல்லையெனில் இன்றே செய்யுங்கள். அறிக்கையில் இருப்புத் தொகை ஐயம் தந்தால், மொத்தத்தை மட்டுமன்றி, பதிவுகளின் வரிசையையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வரிசை ஒரு விதியின்படி அமைந்தது. அவ்விதி யாது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.