பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பங்குனி பிறந்ததும் தொம்மலூரில் நம்மவர் இல்லங்களில் எழும் பேச்சு ஒன்றே: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நாம் இரயில்வே இலாகாவில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டோம். ஆயினும் இரண்டு பெண்களுக்காகப் பல பள்ளி வாசல்களில் நின்றதுண்டு. அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்கிறோம்.

மத்திய சர்க்கார் ஊழியர் முதலில் நாடுவது கேந்திரிய வித்தியாலயத்தை. மாற்றலாகி வருவோர் பிள்ளைகளின் படிப்புக் கெடாதிருக்க 1963-இல் உருவான அமைப்பு அது. முதல் வகுப்பிற்கு மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருத்தல் வேண்டும். கடந்த 7 ஆண்டுகளில் எத்தனை முறை மாற்றலானார் என்பதைப் பொறுத்து முன்னுரிமை அமையும். மாற்றலே காணாத பாக்கியசாலிகள் சற்றுப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

தனியார் பள்ளிகளில், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைகளுக்கு 25 விழுக்காடு இடம் கிடைக்குமென்று சிலர் இன்னும் நம்பியிருக்கின்றனர். கருநாடக அரசு 2018 இறுதியில் விதியைத் திருத்தி, அருகில் சர்க்கார் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருப்பின் அவ்விடம் இல்லையென்று ஆக்கிற்று. அலையுமுன் விசாரிப்பது நலம்.

கட்டணத்தினும் பெரிதாக நாம் கருதுவது மொழியை. 2015-இல் இயற்றப்பெற்ற கன்னட மொழி கற்றல் சட்டம் 2017-18 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அது நியாயமே, அண்டை வீட்டார் மொழி அறியாது பிள்ளை வளர்வது அழகன்று. ஆனால் தமிழும் இவ்வூருக்குப் புதிதன்று; சொக்கப்பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று மூன்றும் நிரம்பிய பள்ளியில் தமிழ் எங்கே அமரும்?

மூத்தவளைச் சேர்த்தபோது இதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. சீருடையையும் வண்டியையும் கண்டு மகிழ்ந்தோம். ஆறாம் வகுப்பில் ஒரு நாள், பாட்டி எழுதிய கடிதத்தைக் கொணர்ந்து, “அப்பா, இதை வாசித்துச் சொல்லுங்கள்” என்றாள். கன்னடத்தில் முதல் மதிப்பெண் வாங்குபவள்! அன்றிரவு நாமும் இல்லாளும் வெகுநேரம் உறங்கவில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழை முதல் மொழியாகக் கொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத இடமுண்டு. ஆனால் தமிழாசிரியர் உள்ள பள்ளி வேண்டும். கேட்போர் குறைந்தால் ஆசிரியரும் இரார். கேந்திரிய வித்தியாலயத்திலும் போதிய பிள்ளைகள் கோரினால் தாய்மொழியைக் கூடுதலாகக் கற்பிக்க விதியுண்டு. தனித்தனியே கேளாமல் பெற்றோர் பலர் சேர்ந்து மனுக் கொடுத்தல் வேண்டும். பணம் கட்டுமுன், மும்மொழிகள் யாவை, எந்த வகுப்பில் எது தொடங்கும் என்று தலைமையாசிரியரையே கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டா.

எங்கும் இடமில்லையேல், 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் இருக்கிறது. தமிழ் வகுப்புப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

இளையவள் இவ்வாண்டு முதல் வகுப்பிற்குச் செல்கிறாள். இம்முறை மொழியைக் கேட்ட பின்னரே பணம் கட்டினோம். மூத்தவள் இரவு உணவிற்குப் பின் நம்மிடம் தமிழ் எழுதிப் பழகுகிறாள். பாட்டிக்குப் பதில் எழுதத் தொடங்கியிருக்கிறாள்; இதுவரை நான்கு வரி ஆகியிருக்கிறது.