பிக்கப் வண்டிக்கு நான்கு சக்கர இழுவை அவசியமா?

நெல் மூட்டை, உரம், விதைக் கரணை, காய்கறி ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் பொருட்டு ஸ்ரீமுஷ்ணம் சுற்றுப்புறத்தில் பிக்கப் வண்டி வாங்க விழையும் விவசாயிகளிடம், "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், சேற்றில் மாட்டாது" என்று யோசனை கூறுவோர் உண்டு. கடன் பெற்று வண்டி வாங்குகிறவருக்கு இது சிறிய விஷயமன்று. மாதத் தவணையைப் பல ஆண்டுகள் அவரே கட்ட வேண்டியவர். ஆதலின் இந்த யோசனை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சாதாரணப் பிக்கப் வண்டியில் எஞ்சினின் விசை பின் சக்கரங்கள் இரண்டிற்கு மட்டுமே செல்கிறது. 2005-ல் வெளிவந்து நம் மக்களிடம் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸும், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தும் இவ்வகையினவே. நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியிலோ, கியர் பெட்டிக்கு அடுத்தாற்போல் மற்றொரு பல்சக்கரப் பெட்டி உண்டு. அதன் நெம்பைத் தள்ளினால் முன் அச்சிற்கும் விசை பகிர்ந்து செல்லும்.

இதில் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உளது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இதற்கு இடமளிக்கவே அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் அமைப்பு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அச்சக்கரமே வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்திற்குப் போதிய விசை கிட்டாது. நான்கு சக்கர இழுவையிலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று வழுக்கிவிட்டால் வண்டி நின்றுவிடலாம். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தாலன்றி இந்நிலை மாறாது. 'மாட்டவே மாட்டாது' என்ற பேச்சு விற்பனைக்காரர் பேச்சேயன்றி வேறல்ல.

நான்கு சக்கர இழுவையின்மீது நம் கிராமத்தார் கொண்டுள்ள மதிப்புக்குக் காரணம் ஜீப் வண்டி. இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் ஆக்கப்பட்ட அவ்வண்டி, 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர் வட்டார அலுவலர்களின் வண்டியாக ஊர் ஊராக வந்தது. அன்று பல ஊர்களுக்குப் பாதை என்பதே மாட்டு வண்டித் தடந்தான். இன்றோ ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்திற்கும், காட்டுமன்னார்கோயிலுக்கும், சேத்தியாத்தோப்புக்கும் தார்ச் சாலையிலேயே செல்லலாம். தொல்லையெல்லாம் தார்ச் சாலையிலிருந்து களம் வரையுள்ள கடைசிப் பர்லாங்கில்தான்.

அந்தப் பர்லாங்கும் ஆண்டு முழுதும் தொல்லை தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வழி குழம்பும். சம்பா அறுவடையாகும் தை, மாசியில் பெரும்பாலும் காய்ந்துவிடும். செம்மண் நிலத்தில் நீர் விரைவில் வடிந்துவிடும். வெள்ளாற்றையும் வீராணத்தையும் ஒட்டிய களிமண் நிலத்தின் கதை வேறு. அங்கே டயரின் வரிப்பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். பிறகு இரண்டு சக்கரம் இழுத்தாலென்ன, நான்கு சக்கரம் இழுத்தாலென்ன! ஆழ்ந்த வரியுள்ள நல்ல டயர் அவ்விடத்தில் முதல் உதவி. பாரமற்ற பிக்கப் வண்டியின் பின்புறம் இலேசாக இருப்பதால் எளிதில் வழுக்கும். மழை நாளில் வெறும் வண்டியாகப் போக நேர்ந்தால் பின் அச்சின்மேல் நாலைந்து மணல் மூட்டைகளைக் கட்டிச் செல்வது நன்று. அப்படியும் புதைந்தால், பக்கத்து வயல் டிராக்டரும் ஒரு கயிறும் போதும்.

நான்கு சக்கர இழுவைக்கு ஆகும் செலவு விலையோடு முடிவதன்று. முன் அச்சும் கூடுதல் பெட்டியும் வண்டியின் எடையைக் கூட்டும்; டீசல் சற்று அதிகம் செல்லும்; மாற்ற வேண்டிய எண்ணெயும் தேயும் உறுப்புகளும் பெருகும். இஸூசு வி-கிராஸ், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் இவ்வசதி உண்டு. ஆயினும் அவற்றின் விலையோ குட்டி யானையினுடையதைப்போல் பல மடங்கு. மூட்டை சுமக்க அவற்றை வாங்குவது நம் கணக்குக்கு ஒவ்வாது.

அவ்வசதி இன்றியமையாத இடங்களும் இல்லாமலில்லை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சூரியநெல்லி வழியே ஏறும் கரடுமுரடான பாதையில் இன்றும் ஜீப்புகளே செல்கின்றன. அங்கே செங்குத்தும் கல்லும் ஈரமும் ஒருங்கே உள்ளன.

நம் பகுதியில் பத்து விவசாயிகள் ஒரே களத்து வழியை உபயோகிப்பார்களாயின், ஒவ்வொருவரும் விலையுயர்ந்த வண்டி தேடுவதைவிட, பஞ்சாயத்து அவ்வழியைச் சற்று உயர்த்திக் கப்பி பரப்பி, நீர் வடியக் குழாய் பதிப்பதே மலிவு என்பது எமது அபிப்பிராயம். அவ்வழியில் மாட்டு வண்டியும் செல்லும், பள்ளிப் பிள்ளைகளும் நடப்பர்.

மழைக்காலத்திலும் களிமண் வழியில் தினமும் பால், காய்கறி ஏற்றியாக வேண்டியவர் நான்கு சக்கர இழுவையை நாடுவதில் தவறில்லை. அவர் பழைய வண்டி வாங்குவாராயின், நெம்பைத் தள்ளி முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று மண் தரையில் ஓட்டிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். நெம்பால் இணைக்கும் இவ்வகையை உலர்ந்த தார்ச் சாலையில் இணைத்தபடி ஓட்டலாகாது. வளைவுகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கி, டயரையும் பல்சக்கரங்களையும் தேய்த்துவிடும். நான்கு சக்கர இழுவையால் பிரேக் பலப்படுவதில்லை என்பதையும் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும்.