உப்பிய பேட்டரிக்கு யார் பொறுப்பு?

கைபேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலம் ஒன்று இருந்தது. 2007-இல் வந்த ஐபோனில் பேட்டரியைப் பயனர் கழற்ற முடியாது. வாங்கியவர்கள் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது தடிமனும் எடையும் உடனே தெரியும். மூன்றாம் ஆண்டில் பேட்டரி என்ன ஆகும் என்பது தெரியாது. தெரிந்ததற்கே மக்கள் பணம் கொடுத்தார்கள். மற்ற நிறுவனங்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தன.

கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், மூடிக்கு இடம் வேண்டும். பசையால் ஒட்டிய பேட்டரிக்கு மெல்லிய அலுமினியப் படலமே போதும். மிச்சமான இடத்தில் பெரிய பேட்டரி அமர்ந்தது. தண்ணீர் புகாமல் அடைப்பதும் எளிதானது. ஆகவே இது வெறும் ஏமாற்று வேலை அல்ல. ஆனால் இடத்தை எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. 2016-இல் சாம்சங் கேலக்சி நோட் 7 தீப்பிடித்தபோது சுமார் 25 லட்சம் கைபேசிகள் திரும்பப் பெறப்பட்டன. முதலில் வந்த பேட்டரிகளில் உறையின் மூலையில் போதிய இடமின்றி எதிர்மின்வாய் வளைந்ததே காரணம் என்று நிறுவனமே 2017 ஜனவரியில் அறிவித்தது. மாற்றாகக் கொடுத்தவற்றில் வேறொரு தயாரிப்புக் குறை, அவையும் எரிந்தன.

தீப்பிடிப்பது அரிது. உப்புவது அப்படியல்ல. பேட்டரி பழசாகும்போதும் அதிகம் சூடேறும்போதும் உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகும். திரையோ பின்மூடியோ விளிம்பில் எழும்பும். மேசையில் வைத்தால் கைபேசி சமமாக உட்காராது. அப்போதே சார்ஜ் போடுவதை நிறுத்தி, அணைத்துவிட வேண்டும். அழுத்துவதும் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் தீயை வரவழைக்கும் வேலை. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தயாரிப்பில் நேர்ந்த பிழையை மட்டுமல்ல, வடிவமைப்பிலேயே உள்ள குறையையும் தயாரிப்பாளரின் பொறுப்பாக்குகிறது (பிரிவு 84). இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தீக்காயம் ஏற்பட்டாலோ வீட்டுப் பொருள்கள் எரிந்தாலோ இந்தப் பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். கைபேசி மட்டும் பாழானால் இது பொருந்தாது. குறையுள்ள பொருள் விற்கப்பட்டது என்று வழக்கமான நுகர்வோர் புகாராகக் கொண்டுபோக வேண்டும். தெருக்கடையில் மலிவான பேட்டரி மாற்றியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே கேடயமாக்கும். மாற்றுவதானால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ள பேட்டரிதானா என்று பார்ப்பது நல்லது. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எண்ணைச் சரிபார்க்கலாம்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில், சர்வீஸ் சென்டர் கொடுத்த வேலைச்சீட்டு, உப்பிய நிலையில் எடுத்த படங்கள் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் பழைய பேட்டரியை எழுத்துச் சான்று இல்லாமல் விட்டுவந்தவர்களுக்கு, குறை இருந்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.