இங்கிதம் அறிந்த சுவர்கள்

ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது அதன் அழகைப் பேசுகிறோம், உறுதியைப் பேசுகிறோம், ஆன செலவைப் பெருமூச்சோடு பேசுகிறோம். உள்ளே நுழைகிறவரின் கண்ணையும் காதையும் அது என்ன பாடுபடுத்துகிறது என்று விசாரிப்பது மட்டும் அபூர்வமாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு அந்த விசாரணை அவசியப்படுவதில்லை. மின்விசிறியின் முனகலும், பக்கத்து அறையில் நாற்காலி இழுபடும் ஓசையும், மொசைக் தரையில் பட்டுத் திரும்பும் காலடிச் சப்தமும் ஏககாலத்தில் காதில் விழுந்தாலும், வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை ஒதுக்கிவிடும் சாமர்த்தியம் அவர்கள் மூளைக்குச் சுபாவமாகவே வாய்த்திருக்கிறது. ஆனால் ஆட்டிசம் உடையவர்களுள் பலருக்கும், கவனம் ஒன்றில் நிலைகொள்ளாத சுபாவமுடையவர்களுள் பலருக்கும் அந்த வடிகட்டல் வேறு விதமாக நடக்கிறது. நமக்குச் சாதாரண மண்டபமாகத் தோன்றுவது அவர்களுக்குச் சந்தை இரைச்சலாகிவிடுகிறது. அங்கிருந்து ஓடும் பிள்ளையை அடங்காப்பிள்ளை என்கிறோமேயன்றி, மண்டபத்தைக் குறை சொல்வதில்லை.

லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து 1943-இல் எழுதிய கட்டுரையே ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிகோலியது. தூசி உறிஞ்சும் இயந்திரமும், லிஃப்டும், ஓடும் தண்ணீரும், ஏன், வீசும் காற்றுங்கூட அக்குழந்தைகளுட் சிலரைக் கலவரப்படுத்தியதை அவர் அப்போதே குறித்துவைத்தார். ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில், புலனுணர்ச்சியின் மிகையையும் குறைவையும் ஆட்டிசத்தின் லட்சணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது 2013-இல் தான். வைத்திய சாஸ்திரமே இவ்வளவு நிதானமாக நடந்திருக்கும்போது, சிற்ப சாஸ்திரம் அதை முந்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஓடத் தொடங்கியவர்களுள் முக்கியமானவர், கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பிக்கும் மக்தா மொஸ்தஃபா என்னும் அம்மையார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு எந்தவிதமான இடம் ஏற்றது என்பதை அவர் தம் ஊகத்தால் தீர்மானிக்காமல், அக்குழந்தைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்களையும் பராமரிப்போரையும் முதலில் வினவினார். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒலி என்றும், அதற்கடுத்தது இடங்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு என்றும் அவர்களிடமிருந்து தெரிந்துகொண்ட பின்னர், பேச்சுப் பயிற்சி அறையில் இரைச்சலை அடக்கியும், வகுப்பறையை ஒரு காரியத்துக்கு ஓரிடமாகப் பகுத்தும் பரீட்சை செய்தார். கவனம் நிலைத்திருக்கும் நேரமும், கேட்டதற்கு இணங்கும் வேகமும், நடத்தையின் போக்கும் சீர்பட்டன என்று 2008-இல் வெளியான அவர் கட்டுரை கூறிற்று.

இவ்வனுபவத்திலிருந்து அவர் வகுத்த விதிகள் ஏழு. அவற்றுள் ஒன்று, கூட்டமும் சப்தமும் மிஞ்சும்போது ஒருவர் யாரிடமும் அனுமதி கேளாமல் ஒதுங்கிக்கொள்ளத்தக்க சிறு மூலை ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஓசை மிகுந்த இடத்துக்கும் அமைதியான இடத்துக்கும் நடுவே ஓர் இடைப்பகுதி வேண்டும் என்பது. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்தவனுக்குக் கண் பழகச் சற்று நேரம் பிடிப்பதுபோல, மற்றப் புலன்களுக்கும் அவகாசம் தேவைப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் அபாரமான செலவோ அதிசயமான கருவியோ வேண்டுமென்பதில்லை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம் பேச்சே புரியாதபடி எதிரொலித்துக்கொண்டிருந்தது. சொன்ன சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதைச் சீர்படுத்தப் பணிக்கப்பட்ட வாலஸ் சேபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியர், பக்கத்து நாடக மண்டபத்திலிருந்து ஆசன மெத்தைகளை இரவில் சுமந்துவரச் செய்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி குறைகிறது என்று அளந்தே ஒலிச் சாஸ்திரத்தின் ஆதார சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். வெறுஞ்சுவரும் கல்தரையும் கண்ணாடியும் ஒலியைத் திருப்பியடிக்கும், துணியும் பஞ்சும் அதை விழுங்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தியே. ஒளியின் கதையும் அப்படித்தான். பழைய சோக்கு பொருத்திய டியூப்லைட், மின்சாரத்தின் அலைவுக்கேற்ப வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. ஆனால் சிலருக்குத் தலைவலியையும் மனச்சஞ்சலத்தையும் தந்துவிடுகிறது. விளக்கை மாற்றினால் தீரும் உபத்திரவம் அது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். வெளியுலகம் இரைச்சலாகவே இருக்கும்போது, குழந்தையைப் பஞ்சு பொதிந்த அறையில் வளர்த்தால் பிறகு அது கடைத்தெருவில் எப்படி நடமாடும்? இது அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று; மொஸ்தஃபாவே அதை எதிர்கொண்டிருக்கிறார். ஒலித்தடுப்பு எல்லா அறைகளிலும் ஒரே அளவில் இருக்கலாகாது என்றும், பழகப்பழகக் குழந்தை அமைதி மிகுந்த அறையிலிருந்து சற்றே சப்தமுள்ள அறைக்குப் படிப்படியாக முன்னேற வேண்டும் என்றும் அவர் சொல்லும் விடை, கட்டடமே ஓர் ஆசிரியராகலாம் என்ற எண்ணத்தை நமக்குத் தருகிறது.

அக்குழந்தைகள் பெரியவர்களான பிறகும் இந்த நியாயம் செல்லும். கலிபோர்னியாவின் சொனோமா என்ற ஊரில் 2013-இல் திறக்கப்பட்ட ஸ்வீட்வாட்டர் ஸ்பெக்ட்ரம் என்ற குடியிருப்பில், ஆட்டிசம் உடைய பெரியவர்கள் 16 பேர் வசிப்பதற்காக நான்கு வீடுகள் எழுப்பப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனி அறையும் குளியலறையும், நால்வருக்குப் பொதுவாக ஒரு கூடமும் சமையற்கட்டும், அனைவருக்கும் பொதுவாகத் தோட்டமும் கூடுமிடமும் என்று, தனிமைக்கும் கூட்டுறவுக்கும் நடுவே பல படிகளை வைத்திருக்கிறார்கள். எந்தப் படியில் எப்போது நிற்பது என்பதை அங்கே வசிப்பவரே தீர்மானிக்கிறார்.

அந்தச் சுதந்திரமே இவ்விஷயத்தின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் ஒருவருக்கு மங்கிய ஒளி இதமாக இருந்தால், எழுத்தைச் சிரமப்பட்டுப் படிக்கும் இன்னொருவருக்குப் பிரகாசம் தேவைப்படலாம். ஒருவர் அசையாமல் அமர விரும்பினால், இன்னொருவருக்கு எழுந்து உலாவினால்தான் சிந்தனை ஓடும். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் அறையை எந்தச் சிற்பியாலும் சிருஷ்டிக்க முடியாது. பலவிதமான இடங்களை வைத்து, அவற்றுள் விரும்பியதை நாடிச் செல்ல வழிவிட முடியும். பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் 2022-இல் இதற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டு, விளக்கு, ஒலி, தரையின் கோலம், வழியறியும் குறிகள், அமைதியறை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது. டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் மொஸ்தஃபாவைக் கொண்டு தன் வளாகத்துக்கு ஒரு வழிகாட்டி எழுதுவித்திருக்கிறது.

வழிகாட்டிகள் பெருகுவது நன்றே. ஆனால் அவற்றைப் புரட்டுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் இல்லாவிட்டால், சக்கர நாற்காலியில் வந்தவரை நாம் கோபிப்பதில்லை, கட்டினவரைக் கேட்கிறோம். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையின் விஷயத்திலும் கேள்வி அதே இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதுவும், சுவர் எழும்பிய பிறகல்ல, அது வரைபடமாக இருக்கும்போதே, அங்கே வசிக்கவும் பயிலவும் போகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கப்பட வேண்டும்.